யார் யாரை அறியும்? குழு விலங்குகளின் சமூக அறிவை ஆராய எந்த முறையைத் தேர்வது

ஒரு குரங்குக் கூட்டத்தில் வளர்ந்த விலங்குகள் இருபது இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் பின்தொடர்ந்தால் எது எதற்கு வழிவிடுகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று கணக்கெடுத்து ஓர் ஆதிக்க வரிசையை எழுதிவிடலாம். வரிசை நம் குறிப்பேட்டில் வந்துவிட்டது. குரங்கின் தலைக்குள்ளும் அது இருக்கிறதா? தன்னை விட வலியதைக் கண்டால் ஒதுங்கு என்ற ஒரே விதியை ஒவ்வொரு குரங்கும் பின்பற்றினாலும் அதே வரிசைதான் கிடைக்கும். வேறு இரண்டு குரங்குகளில் எது மேல், எது கீழ் என்பது மூன்றாவது குரங்குக்குத் தெரியுமா என்று அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிச் சொல்ல முடியாது.

கூட்டத்தில் ஓர் ஒழுங்கு இருப்பது வேறு, அந்த ஒழுங்கை விலங்கு அறிந்திருப்பது வேறு. சமூக அறிதிறன் ஆய்வுகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலாவதை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பற்றி முடிவு எழுதிவிடுகிறோம். அதனால் எந்த முறை என்று பார்ப்பதற்கு முன் இரண்டு வாக்கியங்களை எழுதிப் பார்ப்பது நல்லது. "விலங்குக்கு இது தெரியும் என்றால் இன்ன சூழலில் இன்னதைச் செய்யும்" என்பது ஒன்று. "தெரியாது, எளிய விதி ஒன்றைத்தான் பின்பற்றுகிறது என்றால் அதே சூழலில் இன்னதைச் செய்யும்" என்பது மற்றொன்று. இரண்டின் பின்பாதியும் ஒன்றாக வந்தால், அந்தச் சூழலில் எத்தனை ஆண்டு தரவு சேர்த்தாலும் கேள்விக்கு விடை வராது.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிகோ டின்பெர்கன் 1963-இல் பிரித்துக் காட்டிய நான்கு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு நடத்தையை அந்தக் கணத்தில் தூண்டுவது எது, வளரும் பருவத்தில் அது எப்படி உருவாகிறது, பிழைத்திருக்கவும் சந்ததி பெருக்கவும் எப்படி உதவுகிறது, பரிணாமத்தில் எந்த வழியாக வந்தது. கீழே உள்ள முறைகளில் எதுவும் நான்குக்கும் பதில் தராது.

பார்த்துக் குறித்தல்

செலவு குறைந்த வழி இது. எளிது என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதும் பழக்கத்தின் கோளாறை ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். சண்டை கண்ணை இழுக்கும், கூச்சல் காதை இழுக்கும். ஓரமாக உட்கார்ந்து இலை தின்னும் விலங்கை யாரும் எழுதமாட்டார்கள். கடைசியில் கூட்டமே சண்டைக்காரக் கூட்டமாகத் தெரியும்.

அதற்கு மாற்றாக இரண்டு வழிகள் நிலைத்துவிட்டன. ஃபோக்கல் முறையில் ஒரு விலங்கைத் தேர்ந்து, குறித்த நேரம், பொதுவாக 10 நிமிடம், அது செய்வது அனைத்தையும் பதிகிறோம். ஸ்கேன் முறையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் வேகமாகப் பார்த்து, ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது, அருகில் யார் என்று குறிக்கிறோம்.

நேரம் எதில் போகிறது, யார் யார் அருகே இருக்கிறார்கள் என்பது கேள்வியானால் ஸ்கேன் போதும், ஆள் பலமும் குறைவாகவே தேவை. யார் யாருக்கு என்ன செய்கிறார்கள், அதற்கு எதிர்வினை என்ன என்பது கேள்வியானால் ஃபோக்கல்தான். இரண்டு விநாடியில் முடியும் அறையோ மிரட்டலோ ஸ்கேனில் ஏறக்குறைய சிக்கவே சிக்காது. நேரத்தில் 1 விழுக்காட்டை மட்டும் எடுக்கும் ஒரு நடத்தை, நூறு ஸ்கேனில் சராசரியாக ஒருமுறைதான் தென்படும்.

ஃபோக்கலின் விலை நேரம். இருபது விலங்குகளுக்குத் தலைக்கு 5 மணி நேரம் என்றால் 100 மணி நேரம், அதாவது 10 நிமிடத் துண்டுகள் 600. ஒரு நாளில் உருப்படியாக 24 துண்டுகள் கிடைத்தால் 25 நாளில் முடியும் என்று காகிதத்தில் தோன்றும். மழை, அடர்ந்த புதர், கூட்டம் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவது எல்லாவற்றையும் சேர்த்தால் அது இரு மடங்காவது சாதாரணம். அப்படிச் சேர்த்த 100 மணி நேரமும் அவ்வளவு பெரிதல்ல. இருபது விலங்குகளுக்குள் 190 இணைகள் உண்டு. பேன் பார்ப்பது சில இணைகளிலேயே குவியும் என்பதால் அட்டவணையின் பெரும்பகுதி சுழியமாக நிற்கும். அந்தச் சுழியம் "இவை ஒன்றையொன்று தவிர்க்கின்றன" என்பதையும் குறிக்கலாம், "நாம் பார்க்கவில்லை" என்பதையும் குறிக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கி வலைப்பின்னல் படம் வரைந்தால், படம் அழகாக இருக்கும், பொருள் இருக்காது.

எந்த விலங்கு, எந்த வரிசையில் என்ற பட்டியலை முந்தைய இரவே குலுக்கிப் போட்டு எழுதிவிட வேண்டும். களத்தில் தேர்ந்தால் கை தானாகவே பழகிய விலங்கின் பக்கம் போகும். காலை, நண்பகல், மாலை மூன்றும் ஒவ்வொரு விலங்குக்கும் சம அளவில் வர வேண்டும். விலங்கு மறைந்த விநாடிகளைத் தனியாகக் குறித்து, பகுப்பாய்வில் கழிக்க வேண்டும். 10 நிமிடத்தில் 2 நிமிடத்துக்கு மேல் மறைந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுவது என்பதுபோல ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்நிலை விலங்குகளே அதிகம் மறையும். விட்ட துண்டுகள் யாருடையவை என்று எண்ணாமல் விட்டால் தரவு மேல்நிலையின் பக்கம் சாயும். ஸ்கேனில் வேறு ஒரு தவறு உண்டு. விலங்கின் மீது பார்வை விழுந்ததும் அது ஏதாவது சுவையாகச் செய்யும்வரை கண் காத்திருக்கும். பார்வை விழுந்த கணத்தில் செய்ததைத்தான் எழுத வேண்டும், அது வெறுமனே உட்கார்ந்திருந்தாலும்.

ஒவ்வொரு நடத்தைக்கும் வரையறையை அசைவுகளால் எழுத வேண்டும். "மிரட்டியது" என்பது தீர்ப்பு. "புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, பல் காட்டாமல் எதிரியை நோக்கி ஒரு அடி வைத்தது" என்பது வரையறை. இரண்டு பேர் ஒரே காணொளியைத் தனித்தனியாகக் குறித்து, உடன்பாட்டைக் கோஹனின் கப்பா அளவால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டைக் காட்டும் எண், முழு உடன்பாடு என்றால் 1) பார்க்கலாம். 0.8-க்கு மேல் வந்தால் நிம்மதி. 0.6-க்குக் கீழே போனால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் வரையறையைத் திருத்துங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒலியை எழுப்பிக் கேள்வி கேட்பது

கூட்டத்தின் இயல்பைக் குலைக்காமல், அறிவைத் தனியாகப் பிரித்து எடுக்கும் வழி பிளேபேக். பதிந்த குரலை மறைவிலிருந்து ஒலிக்கவிட்டு எதிர்வினையை அளக்கிறோம். சமூக அறிவைப் பற்றிய கேள்விகளுக்கு, குரலால் தொடர்புகொள்ளும் விலங்கென்றால், இதைவிடக் கூர்மையான கருவி களத்தில் இல்லை என்பது என் கருத்து.

சைபார்த், செனி, மார்லர் மூவரும் கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளிடம் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. சிறுத்தைக்கான எச்சரிக்கை ஒலியைக் கேட்டால் மரமேறின, கழுகுக்கானதைக் கேட்டால் வானத்தைப் பார்த்தன அல்லது புதருக்குள் ஓடின, பாம்புக்கானதைக் கேட்டால் நிமிர்ந்து நின்று தரையைத் தேடின. சிறுத்தையோ கழுகோ பாம்போ அங்கே இல்லை. இருந்தது ஒலி மட்டுமே. நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது அதே காலத்தில் அதே குரங்குகளிடம் செய்த இன்னொரு சோதனை. ஒரு குட்டியின் அலறலை ஒலிக்கவிட்டபோது தாய் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பியது. மற்ற பெண் குரங்குகள் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்தன. யாருடைய குட்டி என்பது அவற்றுக்கும் தெரிந்திருந்தது.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் பபூன் குரங்குகளிடம் செய்து 2003-இல் வெளியான ஆய்வு, மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெண் பபூன்களின் தகுதி தாய்வழிக் குடும்பமாக அடுக்கப்பட்டிருக்கும், ஒரு குடும்பம் முழுவதும் அடுத்த குடும்பத்துக்கு மேலே. கீழ்நிலை விலங்கு மிரட்டுவதுபோலவும் மேல்நிலை விலங்கு அலறுவதுபோலவும் குரல்களைக் கோத்து ஒலிக்கவிட்டார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரே குடும்பத்துக்குள் நடப்பதாகக் கேட்டபோது இருந்ததை விட, இரண்டு குடும்பங்களுக்கு இடையே நடப்பதாகக் கேட்டபோது பபூன்கள் நெடுநேரம் ஒலிபெருக்கியின் பக்கம் பார்த்தன. "வலியதைக் கண்டு ஒதுங்கு" என்ற விதி இந்த வேறுபாட்டை விளக்காது. கேட்ட பபூன் அந்தச் சண்டையில் இல்லவே இல்லை.

பிளேபேக் எங்கே கெடும்? முதலாவது, போலி மறுபடியெடுப்பு. ஒரே அலறல் பதிவை இருபது விலங்குகளுக்கு ஒலிக்கவிட்டு மாதிரி எண்ணிக்கை இருபது என்று எழுதுவது. சோதிக்கப்பட்டது "அலறல்" அல்ல, அந்த ஒரு பதிவு. அதில் ஓர் இரைச்சல் கலந்திருந்தால் எதிர்வினை அதற்கானதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு விலங்குக்கும் வெவ்வேறு பதிவு இருப்பதே சரி. அப்படியானால் ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்க வேண்டும், குரலுக்கு உரியது யார் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பதிவுகளை மட்டுமே எடுக்க வேண்டும். சிக்கனமாகத் திட்டமிடுபவர்கள் வெட்டுவது இந்த ஆறு மாதத்தைத்தான். வெட்டினால் பிறகு எதைக் கொண்டும் அதை நிரப்ப முடியாது.

இரண்டாவது, நம்ப முடியாத ஒலி. குரலுக்கு உரிய விலங்கு கேட்பவரின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது அதே குரல் புதரிலிருந்து வந்தால், அளப்பது சமூக அறிவை அல்ல, திகைப்பை. உரியவர் பார்வையில் இல்லை, அந்தத் திசையில் இருந்திருக்கக்கூடும் என்று உறுதியானால் மட்டுமே ஒலிக்கவிட வேண்டும். பல நாள்கள் ஒலிபெருக்கியைச் சுமந்துபோய் ஒன்றும் செய்யாமல் திரும்ப நேரும். அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, எம்பி3 வேண்டாம். மனிதச் செவிக்குத் தேவையில்லை என்று கணித்ததை அது தூக்கி எறிந்துவிடும், விலங்கின் செவி வேறு. வேவ் கோப்பில், குறைந்தது 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வீதத்தில், 16 பிட்டில் பதியவும். எலி, வௌவால் போன்றவற்றின் மீயொலிக்கு 250 கிலோஹெர்ட்ஸ் அளவு வீதம் தேவை. யானை முழக்கத்தின் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகும், சிறிய ஒலிபெருக்கி அதை விழுங்கிவிடும். ஒலியின் அளவை 1 மீட்டர் தூரத்தில் ஒலிமானியால் அளந்து, இயல்பான குரலின் அளவுக்குச் சமப்படுத்த வேண்டும். ஒலிக்கு 10 விநாடி முன்பிருந்தே காணொளி ஓட வேண்டும். முன்பார்வை இல்லாவிட்டால் பின்பார்வைக்கு ஒப்பிட எதுவும் இல்லை. ஒரே கூட்டத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் ஒலிக்கவிட்டால் விலங்குகள் பழகிப்போய் கண்டுகொள்ளாமல் விடும்.

கூண்டிலும் ஆய்வகத்திலும்

கட்டுப்பாடு வேண்டும், ஒரே விலங்கிடம் பலமுறை கேட்க வேண்டும், முந்தைய அனுபவம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் காப்பகமோ ஆய்வகமோதான் இடம். அறிவின் நுட்பமான வடிவம், அதாவது மற்றது எதைப் பார்க்கிறது, எதை நம்புகிறது என்று அறிவது, களத்தில் பிரித்தெடுக்க மிகக் கடினம்.

ஆனால் இங்கே கேள்வியை விலங்கின் மொழியில் கேட்க வேண்டும். 1996-இல் வெளிவந்த பொவினெல்லி, எடி ஆய்வில் சிம்பன்சிகள், தலையில் வாளி கவிழ்த்த மனிதரிடமும் கண் தெரியும் மனிதரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கைநீட்டி உணவு கேட்டன. பார்ப்பது என்றால் என்ன என்று சிம்பன்சிக்குத் தெரியாது என்ற முடிவு அதிலிருந்து எழுந்தது. 2000-இல் ஹேர், கால், அக்னெட்டா, டொமசெல்லோ நால்வரும் சூழலை மாற்றினார்கள். மனிதரிடம் கேட்பதற்குப் பதிலாக மேல்நிலைச் சிம்பன்சியும் கீழ்நிலைச் சிம்பன்சியும் ஒரே உணவுக்குப் போட்டியிட்டன. மேல்நிலை விலங்கின் பார்வைக்கு எட்டாத, தடுப்புக்குப் பின்னால் இருந்த உணவையே கீழ்நிலை விலங்கு அதிகம் நாடியது. விலங்கு அதேதான். உணவைப் பெருந்தன்மையோடு காட்டிக்கொடுக்கும் மனிதர் சிம்பன்சி வாழ்க்கையில் இல்லை, உணவைப் பறிக்கும் பெரியது தினமும் உண்டு. விலங்கு தோற்றால் முதலில் சோதனையைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கண்ணாடிச் சோதனையிலும் இதுவே நடந்தது. சிறிய கண்ணாடி வைத்த முந்தைய ஆய்வில் யானைகள் தங்களை அடையாளம் காணவில்லை. 2006-இல் யானையின் உடலளவுக்கு ஏற்ற பெரிய கண்ணாடியை வைத்தபோது மூன்றில் ஒன்று தன் தலையிலிருந்த குறியைத் தும்பிக்கையால் தொட்டது.

வென்றாலும் சந்தேகிக்க வேண்டும். கணக்குப் போடும் குதிரை என்று பெயர்பெற்ற ஹான்ஸ், கேட்பவரின் தலையசைவைப் படித்தே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் காட்டினார். உணவு எந்தக் கிண்ணத்தில் என்று அறிந்த ஒருவர் விலங்கின் எதிரே நின்றால் இன்றும் அதே கதைதான். உணவு வைப்பவர் ஒருவர், தேர்வை நடத்துபவர் இன்னொருவர், நடத்துபவருக்கு இடம் தெரியாது என்பதை உறுதிப்படுத்துங்கள். வாசனையை மறைக்க இரு கிண்ணத்திலும் உணவைத் தேய்த்துவிடுங்கள். இடம் வலம் சமமாக வர வேண்டும், ஒரே பக்கம் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது.

எத்தனை முயற்சி என்பதையும் முன்பே கணக்கிடலாம். இரண்டில் ஒன்றைத் தேர்வதில் 12-க்கு 10 சரியாக வந்தால் தற்செயலால் அப்படி நேரும் வாய்ப்பு, இருபக்கச் சோதனையில், 0.039. 12-க்கு 9 வந்தால் 0.15, அதாவது ஒன்றும் சொல்ல முடியாது. அதற்காக முயற்சிகளை 60 ஆக்கினால் விலங்கு அங்கேயே கற்றுக்கொண்டுவிடும். முதல் சில முயற்சிகளில் தடுமாறி பிந்தியவற்றில் வென்றது என்றால், அது அறிவோடு வந்ததா, அறையில் கற்றதா என்று சொல்ல முடியாது. முதல் முயற்சியின் விடையைத் தனியாகப் பதிவு செய்வதை ஒருபோதும் விடாதீர்கள்.

பயிற்சியே வேண்டாம் என்றால் கண்ணசைவைப் பின்தொடரும் கருவி உண்டு. 2016-இல் பெருங்குரங்குகளுக்குக் காணொளி காட்டி, ஒருவர் தவறாக நம்பும் இடத்தை அவை முன்கூட்டியே பார்க்கின்றனவா என்று அளந்தார்கள், பார்த்தன. பார்வை எப்படி வேலை செய்கிறது என்ற தன் அனுபவத்தைக் கொண்டு அவை அதைக் கணிக்கின்றனவா என்பதை 2019-இல் தொடர் ஆய்வு சோதித்து, ஆம் என்றது.

இந்த வழியின் ஆறாத புண் எண்ணிக்கை. ஒரு காப்பகத்தில் ஆறு, எட்டு விலங்குகளே இருக்கும். அவற்றிலும் தானாக முன்வருபவை துணிச்சல்காரர்கள். ஆய்வுக்கு வரும் விலங்குகள் எந்தெந்த வகையில் வழக்கத்துக்கு மாறானவை என்று அறிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வெப்ஸ்டர், ரூட்ஸ் இருவரும் 2020-இல் வலியுறுத்தினார்கள். பல காப்பகங்கள் சேர்வது இன்னொரு மருந்து. மெனிபிரைமேட்ஸ் கூட்டமைப்பின் 2019 ஆய்வு 11 இடங்களில் 12 இனங்களைச் சேர்ந்த 176 விலங்குகளை ஒரே சோதனைக்கு உட்படுத்தியது.

கழுத்துப்பட்டைகள்

ஜிபிஎஸ் பட்டைகள் கவர்ச்சியானவை. கென்யாவின் ம்பாலாவில் ஒரு பபூன் கூட்டத்தின் பெரும்பாலான வளர்ந்த விலங்குகளுக்குப் பட்டை கட்டி, விநாடிக்கு ஒருமுறை இடம் பதிந்து, 2015-இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு திசையில் கிளம்பும் இருவரில் கூட்டம் யாரைப் பின்பற்றும் என்று பார்த்தபோது, திசைகளுக்கு இடையிலான கோணம் சிறிதாக இருந்தால் நடுவழியில் போயின, பெரிதாக இருந்தால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தன. ஆதிக்கம் கூடியவரைத்தான் பின்பற்றும் என்பதில்லை. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கூட்டமாக எப்படி முடிவெடுக்கின்றன என்பது கேள்வியானால் தயங்காமல் இதைத் தேர்வது சரி. இரண்டு விலங்குகள் பேன் பார்த்தனவா, முறைத்துக்கொண்டனவா என்பது கேள்வியானால் இது பயன்படாது. சாதாரண ஜிபிஎஸ் பிழை சில மீட்டர், நெருக்கத்தின் எல்லையோ கைநீட்டும் தூரம். பாதி விலங்குகளுக்கு மட்டும் பட்டை கட்டினால் வலைப்பின்னலின் நடுவில் இருப்பவர் ஓரமாகத் தெரிவார். பிடிப்பது, மயக்கமருந்து, கால்நடை மருத்துவர், அனுமதி, தானாகக் கழன்றுவிழும் பூட்டு எல்லாம் சேர்ந்து ஆண்டின் பாதியைத் தின்றுவிடும். பறவைகளில் கருவியின் எடை உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எடைக்கு அஞ்ச வேண்டாத இடம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் சின்னஞ்சிறு மின்னடையாளம் பொருத்திய பட்டாணிக் குருவிகள், கதவை இடமோ வலமோ தள்ளித் திறக்கும் உணவுப் பெட்டியை எப்படி ஒன்றிடமிருந்து ஒன்று கற்றன என்பது பெட்டியிலேயே பதிவானது. பழக்கம் பரவுவதை ஆராய்பவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் ஏற்றது.

பரிணாமம் என்றால்

ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பரிணாமக் கேள்விக்கு விடை எழுத முடியாது. இனங்களை ஒப்பிட வேண்டும், உறவு மரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நெருங்கிய உறவுள்ள பத்து இனங்கள் பத்துத் தனிச் சான்றுகள் ஆகா என்பதை உயிரியலாளர் ஃபெல்சன்ஸ்டைன் 1985-இல் தெளிவாக்கினார். தன்னடக்கத்தை 36 இனங்களில் 567 விலங்குகளிடம் சோதித்த 2014 ஆய்வில் மூளையின் மொத்த அளவே சிறந்த குறிகாட்டியாக வந்தது. பிரைமேட்டுகளில் (குரங்குகள், மனிதக் குரங்குகள் முதலியவை அடங்கிய பிரிவு) மூளை அளவைக் கூட்டத்தின் அளவு விளக்குகிறது என்பது நெடுநாள் கருத்து. 140-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டு 2017-இல் செய்த பகுப்பாய்வில் உணவு வகையே நன்றாக விளக்கியது. இரண்டு முடிவுகள் மோதும்போது தரவுத் தொகுப்பைப் பாருங்கள். சமூகச் சிக்கலை "கூட்டத்தில் எத்தனை பேர்" என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் அந்த எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே முடிவைப் புரட்டிவிடும்.

பயன் என்ன என்ற கேள்விக்கு வேண்டியது நீண்ட காலம். பெண் பபூன்களின் சமூகப் பிணைப்பு அவற்றின் குட்டிகள் பிழைப்பதோடு சேர்ந்து வருகிறது என்று அம்போசெலியில் 2003-இல் காட்ட 16 ஆண்டுத் தரவு தேவைப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடும் நீண்டகால ஆய்வு ஒன்றில் சேரலாம்.

ஓர் ஆண்டு, இரண்டு பேர் என்றால்

மனிதர் அருகே இருப்பதற்குப் பழகிய கூட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது, விலங்குகள் குரல் எழுப்புபவை என்றால் என் தேர்வு ஃபோக்கலும் பிளேபேக்கும் சேர்ந்தது. முதல் ஆறு மாதம் ஃபோக்கல், கூடவே குரல் பதிவு. அந்தத் தரவிலிருந்து ஆதிக்க வரிசை, உறவு, யார் யாரோடு என்பது கிடைக்கும். அடுத்த நான்கு மாதத்தில் இருபது முதல் முப்பது பிளேபேக், சோதனைக்குத் தேர்ந்த ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சோதனை, ஒரு கட்டுப்பாடு (ஒப்பிடுவதற்கான சாதாரண ஒலி), வரிசை குலுக்கி. கடைசி இரண்டு மாதம் காணொளிகளைக் குறிக்க.

கூட்டம் பழகியிருக்கவில்லை என்றால் இந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள். சிம்பன்சிகளைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். உணவு போட்டுப் பழக்கினால் அளக்க வந்த சண்டையையே நீங்கள் உண்டாக்கிவிடுவீர்கள். தான்சானியாவின் கோம்பேயில் வாழைப்பழம் கொடுத்தது சிம்பன்சி, பபூன்களின் மோதலைக் கூட்டியது என்று ஆய்வாளர் ராங்கம் 1974-இல் எழுதியிருக்கிறார். பழகிய பெருங்குரங்குகளுக்கு நம் சளியே உயிர்க்கொல்லி, குறைந்தது 7 மீட்டர் தூரமும் முகக்கவசமும் வேண்டும். குரல் எழுப்பாத, பழகாத விலங்கென்றால் காப்பகச் சோதனைக்கு மாறுங்கள், கேள்வியையும் அதற்கேற்பச் சிறிதாக்குங்கள்.

காணொளியைக் குறிப்பவருக்கு எந்தத் துண்டு சோதனை, எந்தத் துண்டு கட்டுப்பாடு என்று தெரியக் கூடாது. ஒலியை அழித்துவிட்டு, ஒலி எழுந்த கணத்தை மட்டும் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டினால் போதும். கோப்புகளின் பெயரிலும் சோதனையின் வகை இருக்கக் கூடாது, எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்கும் வகைக்குமான திறவுகோலைக் குறிப்பவர் அல்லாத மற்றவர் வைத்துக்கொண்டு, எல்லாத் துண்டுகளும் குறித்து முடிந்த பிறகே திறக்க வேண்டும்.